பட்டிப்பூவும் புற்றுநோய் மருந்தும்: இலைக்கும் ஊசிக்கும் நடுவே நடப்பது என்ன?

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி ஒரு ஷொப்பிங் பேக் நிறையப் பட்டிப்பூ இலையோடு வந்து நின்றார். மற்றக் கையில் போன். போனில், எத்தனையோ பேர் கைமாறி வந்த ஒரு வட்ஸ்அப் செய்தி.

"மனே, இதக் காய்ச்சிக் குடிச்சா கேன்சர் சுகமாகுமாமே? சீனி வருத்தத்துக்கும் நல்லதாம். வாசிச்சுப் பாத்துச் சொல்லு."

குடிக்காதீங்க மாமி என்றேன். விட்டாரா? "இந்தப் பூவில இருந்துதான் கேன்சர் மருந்து எடுக்கிறாங்க எண்டு நீதானே அண்டைக்குச் சொன்ன?"

சொன்னேன்தான். அதுவும் உண்மை, இதைக் குடிக்கக்கூடாது என்பதும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். மருத்துவமும் தாவரவியலும் இரசாயனவியலும் ஒரே செடியில் வந்து முட்டிக்கொள்கிற கதை இது. கடந்த சில வருடங்களில் நடந்த ஆய்வுகள்தான் இதில் சுவாரசியமான பகுதி. அதற்குப் போக முதல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பூவின் பூர்வீகம்

கிணற்றடியில், வேலியோரத்தில், சவக்காலையில், கடற்கரை மணலில்கூட யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக்கொண்டிருக்கும் ஊதாவும் வெள்ளையுமான ஐந்து இதழ்ப் பூ. நமக்குப் பட்டிப்பூ. இந்தியத் தமிழில் நித்தியகல்யாணி. தாவரவியல் பெயர் கத்தரான்தஸ் ரோசியஸ். சொந்த ஊர் மடகஸ்கார். அங்கிருந்து மனிதர் கைப்பட்டு வெப்பமான நாடுகள் எங்கும் பரவி, கடைசியில் நம்முடைய வளவுக்கே சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். கட்டாக்காலி மாடு வேலிக்குள் தலையை விட்டால் எதைத்தான் விட்டுவைக்கும்? பட்டிப்பூவை மட்டும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். காரணம் கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணம் அல்கலோயிட்டுகள்.

அல்கலோயிட்டு என்றால், பெரும்பாலும் செடிகள் செய்கிற, நைதரசன் உள்ள ஒரு வகைச் சேர்வை. சின்ன அளவிலேயே விலங்கு உடலில் பலமாக வேலை செய்யக்கூடியது. கோப்பியில் உள்ள கஃபீன் ஒன்று, புகையிலையில் உள்ள நிக்கொட்டின் இன்னொன்று. செடிக்கு ஓட முடியாது, அடிக்க முடியாது. அதனால் இரசாயனத்தைக் கையில் எடுக்கிறது. பட்டிப்பூச் செடியில் மட்டும் 100க்கும் மேற்பட்ட அல்கலோயிட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்: இலைக்குள் இருப்பது ஒரு மருந்து அல்ல, நூற்றுக்கு மேற்பட்ட வெவ்வேறு பொருட்கள்.

சீனி வருத்தத்துக்குத் தேடப்போய்

மாமியின் செய்தியில் சீனி வருத்தமும் இருந்ததே, அது சும்மா வந்ததல்ல. ஜமேக்காவில் இந்த இலையைத் தேத்தண்ணி போலக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடித்திருக்கிறார்கள். 1952இல் அந்த இலைகள் கடித உறையில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. வெஸ்டர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபிள் அதைச் சோதித்தார். எலிகளுக்கு வாயால் கொடுத்தார்கள். இரத்தச் சீனியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

சரி, ஊசியாகப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார்கள். சில நாட்களில் எலிகள் செத்தன.

இந்த இடத்தில் கோப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். அவர்கள் ஏன் செத்தன என்று பார்த்தார்கள். எலிகளைக் கிருமித் தொற்று கொன்றிருந்தது. தொற்று வந்ததற்குக் காரணம், கிருமியோடு சண்டை பிடிக்கிற வெண்குருதிக் கலங்கள் சடாரென்று குறைந்துபோனது. அப்போதுதான் பொறி தட்டியது. வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதானே லியூக்கேமியா எனும் இரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கிற பொருள் அங்கே உதவாதா?

நோபிளோடு சேர்ந்து இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1958இல் வெளியுலகுக்கு வந்த அதைத்தான் இன்று வின்பிளாஸ்டின் என்கிறோம். அதே காலத்தில் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடா என்பவரும் இதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வின்கிறிஸ்டின் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் லியூக்கேமியா வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்றுதான் தப்பியது. இன்று வசதியான நாடுகளில், பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற லியூக்கேமியா வகையில், பத்துக்கு ஒன்பது தப்புகிறது. இது வின்கிறிஸ்டின் தனியாகச் செய்த வேலை அல்ல, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததன் பலன். ஆனால் அந்தக் கூட்டில் இது இன்றைக்கும் இருக்கிறது.

இதுவரை: செடி தன்னைக் காக்க நஞ்சு செய்கிறது. வாயால் கொடுத்தபோது சீனிக்கு உதவவில்லை, ஊசியில் எலியைக் கொன்றது. கொன்ற விதம்தான் மருந்துக்கு வழி காட்டியது.

கொம்புமுறியும் கலப்பிரிவும்

அப்படி உள்ளே என்னதான் செய்கிறது?

மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, வடசேரிக்காரர் ஒரு பக்கமும் தென்சேரிக்காரர் மறு பக்கமுமாக இழுப்பார்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போதும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. கலத்தின் பரம்பரைத் தகவல் இருக்கிற நிறமூர்த்தங்கள் இரட்டிப்பாகி நடுவில் வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் கயிறுகள் வந்து அவற்றைப் பிடித்து, ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு போகும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே யாரும் தோற்கக்கூடாது. இரண்டு பக்கமும் சரிபாதி போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கயிறுகளுக்குப் பெயர் நுண்புன்குழாய். டியூபியூலின் என்ற புரதத்தைச் சின்னச் சின்னக் கட்டியாக அடுக்கி அடுக்கிக் கலம் இவற்றைக் கட்டுகிறது. நம்முடைய கயிறு மாதிரி ஒருமுறை திரித்துவிட்டால் முடிந்தது என்றில்லை. ஒரு முனையில் கட்டி சேர்ந்துகொண்டும் கழன்றுகொண்டும் இருக்கும், நீளம் மாறிக்கொண்டே இருக்கும். வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் அந்தக் கட்டிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் அடுக்க முடியாது. கயிறு இல்லாமல் போட்டி எப்படி நடக்கும்? நிறமூர்த்தங்கள் நடுவிலேயே நிற்க, பிரியவும் முடியாமல் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாமல் கலம் மாட்டிக்கொண்டு சாகிறது.

புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பிரிபவை, அதனால் அடி அவற்றுக்கு அதிகம். ஆனால் உடம்பில் வேகமாகப் பிரிகிற நல்ல கலங்களும் இருக்கின்றன. மயிர் வேரில், எலும்புக்குள் இரத்தக் கலங்களைச் செய்கிற என்பு மச்சையில். மயிர் கொட்டுவதும் இரத்தக் கலங்கள் குறைவதும் அதனால்தான். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, வேகம்தான் தெரியும்.

இன்னொரு பக்கவிளைவு, நோயாளிகள் அடிக்கடி சொல்வது: கால் விரல் விறைப்பு. நரம்புக் கலம் பிரிவதில்லையே, அதற்கு ஏன் அடி விழுகிறது? நுண்புன்குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. நரம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சாமான் போகிற வீதியும் அதுதான். முதுகின் கீழ்ப்பக்கத்திலிருந்து கால் விரல் வரை போகிற நரம்பு நார் ஒரு மீற்றர் அளவுக்கு நீளமானது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகிற வீதி இடையிடையே பழுதானால் முதலில் யாருக்குச் சாமான் குறையும்? கல்லடிக்காரருக்கா, பொத்துவில்காரருக்கா? அதுபோலத்தான் கால் விரல் முதலில் விறைக்கிறது.

ஓர் அரிசியில் பத்தில் ஒரு பங்கு

மாமியின் கேள்விக்கு நேரான பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவை ஏற்றுகிற வின்கிறிஸ்டின் வழமையாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. ஓர் அரிசி சுமார் 20 மில்லிகிராம் என்று வையுங்கள். அந்த ஒற்றை அரிசியைப் பத்தாக நறுக்கினால் வருகிற ஒரு துண்டுதான் முழு மருந்தும். அதற்கு மேல் போனால் நரம்புக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை. உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே இருக்கிற இந்த ஒடுங்கிய வழியை மருந்தியலில் சிகிச்சை இடைவெளி என்பார்கள். பரசிற்றமோலில் அது ஓரளவு அகலம். இதில் மிக ஒடுக்கம்.

இனி இலைப் பக்கம் வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு மேலே சொல்பவர்களும் உண்டு. 500 கிலோவே இருக்கட்டும். அப்படியானால் ஒரு கிலோ காய்ந்த இலையில் 2 மில்லிகிராம். மாமி காய்ச்சப் போவது ஒரு கைப்பிடி, காய்ந்தால் 10 கிராம் வருமா? அதில் 0.02 மில்லிகிராம். வின்கிறிஸ்டின் இதைவிடவும் குறைவு. அந்தத் துளியும் முழுவதும் தண்ணீரில் இறங்காது, இறங்கியதும் குடல் வழியாக ஒழுங்காக உடலில் சேராது. இவற்றை ஊசி வழியாக நாளத்துக்குள் நேராக ஏற்றுவதே அதனால்தான். அதிலும், ஊசி விலகித் தசைக்குள் கசிந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும் என்பதால் தாதிமார் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆக, இலையைக் காய்ச்சிய குடிநீரில் வேண்டிய பொருள் கிட்டத்தட்ட இல்லை. வேண்டாததுகள் இருக்கின்றன. மீதி நூறு அல்கலோயிட்டுகளையும் மறந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவைகூட இந்தச் செடியில் உண்டு. எந்த இலையில் எது எவ்வளவு என்பதும் நிலையாக இராது. ஒரே வயல், ஒரே விதைநெல், பெரும்போகத்தில் ஒரு விளைச்சல், சிறுபோகத்தில் இன்னொன்று. செடியின் இரசாயனமும் அப்படித்தான், மழையும் வெயிலும் மண்ணும் இலையின் வயதும் அதை மாற்றும்.

இரண்டு ஐதரசன், ஓர் ஒட்சிசன்

இது சின்னப் பகுதி, ஆனால் எனக்குப் பிடித்தது. வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் 100க்கும் மேற்பட்ட அணுக்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு. ஒன்றில் இரண்டு ஐதரசன் அணுக்கள் இருக்கிற இடத்தில் மற்றதில் ஓர் ஒட்சிசன். அவ்வளவுதான். ஆனால் வின்பிளாஸ்டின் என்பு மச்சையைத்தான் அதிகம் தாக்கும், வின்கிறிஸ்டின் நரம்பை. கொடுக்கிற புற்றுநோய்களும் எல்லாம் ஒன்றல்ல, அளவும் வேறு. "எல்லாம் ஒரே பூவில இருந்து வாறதுதானே" என்று யாராவது சொன்னால் இந்த ஓர் ஒட்சிசனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை: மருந்து என்பது ஒரு குறித்த மூலக்கூறு, குறித்த அளவில், குறித்த வழியில் உடலுக்குள் போவது. இலைக் குடிநீரில் இந்த மூன்றுமே கையில் இல்லை.

செடிக்குள்ளே ஒரு மருதமுனை

500 கிலோவுக்கு ஒரு கிராம் என்பது யாருக்கும் கட்டுப்படியாகாத கணக்கு. 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டின் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்கிற வைத்தியர்கள் தடுமாறினார்கள். அது உற்பத்தியாளர் பக்கத்துச் சிக்கல் என்றாலும், இந்த மருந்தின் வரத்து எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே ஆய்வாளர்கள் செடியையே கேட்டார்கள்: நீ இதை எப்படிச் செய்கிறாய்?

மருதமுனைக் கைத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நூலுக்குச் சாயம் போடுவது ஓர் இடம், பா ஓட்டுவது இன்னோர் இடம், நெய்வது வேறொரு வீட்டுத் தறி. ஒரே ஆள் உட்கார்ந்து சாறன் செய்வதில்லை. பட்டிப்பூ இலைக்குள்ளும் அப்படித்தான். எளிய மூலப்பொருளிலிருந்து வின்பிளாஸ்டின் வரை 30க்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படிக்கும் பெரும்பாலும் ஒரு தனி நொதியம். நொதியம் என்றால் ஒரு குறித்த இரசாயன மாற்றத்தை வேகமாக நடத்திக் கொடுக்கிற புரதம், அந்த ஒரு வேலையில் மட்டும் கைதேர்ந்த தொழிலாளி. இதில் கடைசியாகத் தெரியாமல் கிடந்த சில நொதியங்களை இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் நிலையத்தில் சாரா ஓ'கொனர் குழு கண்டுபிடித்து 2018இல் வெளியிட்டது. வழித்தடம் அப்போதுதான் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தெரிந்தது.

2023இல் வந்த ஆய்வு இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தது. இலையை மொத்தமாக அரைத்துப் பார்க்காமல், ஒவ்வொரு கலமாகப் பிரித்து எதில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். முதல் படிகள் இலை நரம்பை ஒட்டிய கலங்களில். அங்கே செய்த பொருள் இலையின் மேற்றோலுக்குப் போகிறது, நடுப் படிகள் அங்கே. கடைசிப் படிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற சில தனிக் கலங்களில். சாயப்பட்டறை, பா, தறி என்று மூன்று வளவு. இறுதிப் பொருள் இலையில் இவ்வளவு அருமையாக இருப்பதில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை. இத்தனை கை மாறி வருகிற சரக்கு.

ஈஸ்டுக்குக் கற்றுக்கொடுத்தது

தறியை அப்படியே வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன? பாண் பொங்க வைக்கிற ஈஸ்ட், நம்முடைய புத்தகத் தமிழில் மதுவம், இதற்கு ஏற்ற வீடு. தொட்டியில் வேகமாக வளரும், வெளியிலிருந்து கொடுக்கிற மரபணுவையும் ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் ஜே கீஸ்லிங்கும் டென்மார்க் ஆய்வாளர்களும் 2022இல் இதைச் செய்து காட்டினார்கள். 34 தாவர மரபணுக்களைச் சேர்த்து, ஈஸ்டின் சொந்த மரபணுக்கள் சிலவற்றைக் கூட்டியும் குறைத்தும், மொத்தம் 56 மாற்றங்கள். அந்த ஈஸ்ட் கதரான்தின், விண்டோலின் என்ற இரண்டு பாதிகளைச் செய்து கொடுத்தது. இரண்டையும் ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் பொருத்தினால் வின்பிளாஸ்டின்.

கிடைத்தது ஒரு லீற்றருக்கு மைக்கிறோகிராம் கணக்கில்தான், ஒரு மைக்கிறோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே நாளைக்கே செடி தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. முடியும் என்று காட்டினார்கள்.

"ஆய்வுகூடத்தில் கேன்சரைக் கொன்றது"

இந்த வசனம் வராத மாதம் இல்லை. ஒரு மாதம் பப்பாசி இலை, அடுத்த மாதம் அன்னமுன்னா, பிறகு மஞ்சள். செய்தி முழுப் பொய்யாகவும் இராது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்கள் மேல் இலைச் சாற்றை ஊற்றினார்கள், கலங்கள் செத்தன. ஆனால் அதே தட்டில் டெட்டோலை ஊற்றினாலும் சாகும், உப்புத் தண்ணீரைத் தடிப்பாக ஊற்றினாலும் சாகும். கொல்வது கஷ்டமே இல்லை. எந்த அளவில் கொல்கிறது, அந்த அளவு மனித இரத்தத்துக்குள் வர முடியுமா, வந்தால் நல்ல கலம் தப்புமா, இவைதான் கேள்விகள். தட்டைத் தாண்டி விலங்கு, விலங்கைத் தாண்டி மனிதர் என்று போகிற வழியில் பெரும்பாலானவை விழுந்துவிடும். பட்டிப்பூ தப்பி வந்தது, அதுவும் முழு இலையாக அல்ல, அதன் இரண்டு மூலக்கூறுகளாக.

பரியாரிமாரின் அறிவை நான் இதில் குறைத்துப் பேசவில்லை. ஜமேக்காவில் அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்காமல் இருந்திருந்தால் கனடாவுக்கு உறையே போயிருக்காது. எந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டியது அந்த ஊர்ப் பழக்கம். ஆனால் கைகாட்டியது சீனி வருத்தத்தை, கிடைத்தது வேறொன்று.

இவ்வளவையும் மாமியிடம் இரண்டு பின்னேரமாக, இடையில் தேத்தண்ணியோடு சொன்னேன். கொம்புமுறி அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அரிசிக் கணக்கில் வாயைப் பிளந்தார். பிறகுதான் சொன்னார், இலை அவருக்கு இல்லையாம். களுவாஞ்சிக்குடியில் இருக்கிற தங்கச்சிக்காம். கழுத்தில் கட்டி வந்து, மூன்று கிழமைக்கு ஒருக்கா மருந்து ஏற்றுகிறார்களாம். ஏற்கனவே இரண்டு நாள் காய்ச்சிக் கொடுத்துமாயிற்று.

அதை நிறுத்தச் சொல்லி, அடுத்த கிளினிக்கில் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவும் சொன்னேன். ஏசுவார்களோ என்று பயந்தார். ஏசினாலும் பரவாயில்லை, அவர்கள் இரத்தம் பார்க்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அடுத்த நாள் தங்கச்சியின் கிளினிக் கொப்பியையே கொண்டுவந்துவிட்டார். நான்கு மருந்துப் பெயர்கள், கிறுக்கல் எழுத்தில். மூன்றாவது வின்கிறிஸ்டின்.

விரல் வைத்துக் காட்டினேன். மாமி அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொப்பியைப் புரட்டி, "அடுத்த திகதி எப்ப போட்டிருக்கு எண்டு பாரு மனே" என்றார்.